லீசா டாவிட்சனின் முதல் ஆல்பம்: எதற்காக வாங்கலாம், எதற்கு வேறு தட்டைத் தேடலாம்

2019 மே மாதக் கடைசியில் டெக்கா நிறுவனம் வெளியிட்ட இந்தத் தட்டுக்குத் தனியாகப் பெயர் எதுவும் வைக்கவில்லை. பாடகியின் பெயர்தான் தலைப்பு. லீசா டாவிட்சன், நார்வே நாட்டு சொப்ரானோ (பெண் குரல்களில் மிக உயர்ந்த வகை), அப்போது வயது 32. உடன் லண்டன் பில்ஹார்மோனியா இசைக்குழு, நடத்துநர் எஸா-பெக்கா சலோனன். தொடக்கத்தில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஆரியாக்கள் (ஓபராவில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டுகள்) இரண்டு, மீதி முழுக்க இன்னொரு ஜெர்மானியரான ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். சுமார் ஒரு மணி நேரம் ஓடும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாக்னர் இரண்டு, அதையடுத்து வரும் அரியாட்னே (ஸ்ட்ராஸின் ஓபரா நாயகி) ஆரியா ஒன்று, ஸ்ட்ராஸ் ‘ஓபஸ் 27’ என்று எண்ணிட்ட பாடல்கள் நான்கில் மூன்று: இவற்றுக்காகத் தயங்காமல் வாங்கலாம். கடைசியில் இருக்கும் ‘நான்கு கடைசிப் பாடல்களை’ மட்டும் குறிவைத்து வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் காத்திருக்கிறது. தட்டின் பலம், குறை இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்: குரலின் அளவு.

ஓபராவில் பாடகருக்கு மைக் கிடையாது. ஆளுக்கொரு மைக் வைத்து மிக்ஸரில் சமன்செய்த கச்சேரி ஒலிக்குப் பழகிய காதுக்கு இதன் கனம் உடனே உறைக்காது. எண்பது தொண்ணூறு வாத்தியங்கள் ஒன்றாக முழங்கும்போது, அவற்றைத் தாண்டி ஒரே ஒரு தொண்டை கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் சுமார் 3800 இருக்கைகள். வெறும் கத்தலால் இது நடக்காது. பெரிய இசைக்குழுவின் ஒலிச்சக்தி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் குவிந்து, 3000 ஹெர்ட்ஸை நெருங்கும்போது வெகுவாக இறங்கிவிடுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது அந்த 3000-ஐ ஒட்டித்தான். அந்த இடத்தில் வலுவுள்ள சாரீரம், குழுவோடு மல்லுக்கட்டாமலே மேலெழுந்து கேட்கும். டாவிட்சனிடம் அந்தக் கூர்மை இருக்கிறது. அதற்கு அடியில், பெரும்பாலான சொப்ரானோக்களிடம் இல்லாத அடர்த்தியான நடு ஸ்தாயியும் இருக்கிறது. முதலாவது மட்டும் இருந்தால் குரல் ஊசிபோலக் குத்தும். இரண்டாவது மட்டும் இருந்தால் வாத்தியங்களுக்குள் மூழ்கிப்போகும்.

நடு ஸ்தாயி இப்படி வாய்த்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1987-இல் நார்வேயின் ஸ்டொக்கே என்ற ஊரில் பிறந்தவர். பெர்கன் நகரின் கிரீக் அகாடமியில் மெட்ஸோ சொப்ரானோவாகத்தான், அதாவது ஒரு படி கீழான குரலாகத்தான், பயிற்சி பெற்றார். பிறகு கோபன்ஹேகனில் ராயல் டேனிஷ் ஓபராவின் பயிற்சிக் கூடத்துக்குப் போனார். அங்கே ஆசிரியை சுசன்னா ஏக்கன் கேட்டுவிட்டு இது சொப்ரானோ குரல் என்றார். படிப்பு முடிந்தது 2014-இல். பெரிய குரல்களுக்கு இப்படி வகை தவறுவது அதிசயமில்லை. இருபது வயதில் மேல் ஸ்தாயி இன்னும் திறந்திருக்காது. நடுப்பகுதியோ அப்போதே தடிமனாக இருக்கும். கேட்கிறவர்கள் மெட்ஸோ என்று எழுதிவிடுவார்கள். அவசரப்பட்டு மேலே தள்ளினால் தொண்டை இறுகும். கீழேயே விட்டுவைத்தால் குரல் தன் இடத்துக்குப் போகாமலே நின்றுவிடும். டாவிட்சன் விஷயத்தில் மாற்றம் பதமான நேரத்தில் நடந்திருக்கிறது. தட்டில் கீழ்ச் சுரங்கள் வரும்போதெல்லாம் அந்த மெட்ஸோ வருடங்களின் பலன் கேட்கிறது. எங்கேயும் காற்று கலந்து குரல் வெளிறிப்போவதில்லை.

அடுத்த ஆண்டு, 2015, கதை வேகமெடுத்தது. ஜூலையில் லண்டனில் நடந்த ஓபராலியா போட்டியில் முதல் பரிசு, பிர்கிட் நில்சன் பரிசு, ரசிகர் பரிசு மூன்றும் அவருக்கே. அடுத்த மாதம் ஆஸ்லோவில் ராணி சோன்யா சர்வதேசப் போட்டியிலும் முதல் பரிசு. ஓபராலியா இறுதிச் சுற்றில் அவர் எடுத்துக்கொண்ட உருப்படி, வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ இரண்டாம் அங்கத்தைத் தொடங்கிவைக்கும் எலிசபெத்தின் ஆரியா. இந்தத் தட்டின் முதல் பாடலும் அதுவே. அந்தப் போட்டிக் காட்சி யூடியூபில் கிடைக்கிறது. தட்டை வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. அரங்கத்தின் வெற்றிடம் சேர்ந்த ஒலியில் குரலின் உண்மையான உயரமும் அகலமும் தெரியும். ஸ்டுடியோவில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று பிறகு ஒப்பிட வசதியாக இருக்கும்.

போட்டியில் ஜெயித்த இளம் பாடகிகளின் கதை பெரும்பாலும் அடுத்த ஐந்து வருடங்களில் தடம் புரளும். காரணம் எளிது. கனமான வாக்னர் குரலுக்கு உலகம் முழுக்கப் பஞ்சம். அப்படி ஒருவர் கண்ணில் பட்டால் ஓபரா நிர்வாகிகள் நேராக வாக்னரின் மிகக் கனமான வேடங்களான இசோல்டாவையும் ப்ரூன்ஹில்டாவையும் கொண்டுவந்து நீட்டுவார்கள். இசோல்டா வரும் ஓபரா இசை மட்டுமே நான்கு மணி நேரத்தை ஒட்டும். முப்பதைத் தொடாத தொண்டை அந்தச் சுமையைத் தொடர்ந்து தூக்கினால் முதலில் அடிவாங்குவது கார்வை, அதாவது சுரத்தை நீட்டி நிறுத்துவது. ஆரோக்கியமான குரலில் விப்ராட்டோ, அதாவது நீட்டிய சுரத்தில் வரும் மெல்லிய அசைவு, நொடிக்கு ஐந்தரை முதல் ஏழு முறை இருக்கும். தள்ளித் தள்ளிப் பாடிய குரலில் அது ஐந்துக்குக் கீழே இறங்கி, ஆட்டம் கண்ட பல்லைப்போல அசைய ஆரம்பித்துவிடும். அப்புறம் சுருதி எங்கே நிற்கிறது என்று கேட்கிறவருக்கே புரியாது. அந்த நிலைக்கு வந்த குரல் திரும்புவது கடினம்.

டாவிட்சன் தேர்ந்தெடுத்த வேடங்களைப் பார்த்தால் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. 2017 கோடையில் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழாவில் அரியாட்னே. அரங்கம் சிறியது. ஸ்ட்ராஸ் அந்த ஓபராவுக்கு எழுதியது சுமார் 37 பேர் கொண்ட குழு; அவருடைய ‘எலெக்ட்ரா’ கேட்பதோ நூற்றுக்கு மேல். மேல் ஸ்தாயியில் கனமான குரல் வேண்டும், ஆனால் வாத்தியங்களோடு போராட வேண்டாம். வளரும் குரலுக்கு இதைவிடத் தோதான வேடம் கிடைப்பது அரிது. எலிசபெத்தும் அப்படியே. முதல் அங்கத்தில் அவளுக்கு வேலையே இல்லை. இரண்டாம் அங்கத்தில் ஒரு வெடிப்பு, ஒரு உருக்கமான மன்றாட்டு. மூன்றாம் அங்கத்தில் ஒரு பிரார்த்தனை. அத்தோடு சரி. இசையமைப்பாளர் வேபரின் ‘டெர் ஃப்ரைஷ்யூட்ஸ்’ ஓபராவின் அகாதேயும் அதே வரிசை. அதை மாரெக் யானோவ்ஸ்கி நடத்த, பென்டாடோன் நிறுவனத்துக்காக முழு ஓபராவாகப் பாடியிருக்கிறார். இசோல்டா, ப்ரூன்ஹில்டா இரண்டும் இந்த ஆரம்ப வருடங்களின் பட்டியலில் இல்லவே இல்லை. அதே நாட்டு சொப்ரானோவான கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் 1913-இல் மேடையேறி, முதல் இசோல்டாவைப் பாடியது 1932-இல் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த நிதானத்தின் அருமை விளங்கும்.

சரி, தட்டுக்கு வருவோம்.

முதல் பாடல், ‘டிஷ், டோய்ரெ ஹாலெ’. டான்ஹாய்சர் ஊரைவிட்டுப் போனபின் எலிசபெத் கால் வைக்காத பாட்டு மண்டபம் அது. அவன் திரும்பிவிட்டான் என்று தெரிந்ததும் ஓடிவந்து மண்டபத்தையே விளித்து வணக்கம் சொல்கிறாள். குழு துள்ளிக்கொண்டு வந்து சட்டென்று இடம்விட, குரல் உள்ளே பாய்கிறது. எடுத்த எடுப்பிலேயே சுரத்தின் நடுவில் போய் நிற்பது டாவிட்சனின் தனிச்சிறப்பு. கீழிருந்து சறுக்கி ஏறுவது, தொட்டுவிட்டு வீங்கவைப்பது என்ற சில்லறை வேலை எதுவும் இல்லை. அடுத்து வரும் பகுதிதான் உண்மையான சோதனை. அவன் பிரிந்துபோனபோது நிம்மதியும் போய்விட்டது, மண்டபமும் வெறிச்சோடிப்போனது என்று அவள் நினைத்துப் பார்க்கிற வரிகளில் வேகம் தணிந்து ஓபோ மட்டும் பக்கத்தில் நிற்கும். இங்கே டாவிட்சன் குரலைச் சின்னதாக்காமல் இருட்டாக்குகிறார். உரப்பு கொஞ்சமே குறைகிறது. நிறம் முழுதாக மாறுகிறது. மெட்ஸோப் பயிற்சி இல்லாத சொப்ரானோவுக்கு இது எளிதில் கைவராது. முடிவில் குழுவின் உச்ச முழக்கத்துக்கு மேலே ஏறி நிற்கும் பி சுரம் சுமார் 988 ஹெர்ட்ஸ். போட்டி மேடையில் கேட்டதைவிட இங்கே அது வட்டமாக இருக்கிறது. அந்த அளவுக்குப் பயமும் குறைவு. மேடையில் இருந்த அபாய வாசனை ஸ்டுடியோவில் துடைக்கப்பட்டிருக்கிறது என்பது என் புகார்.

இரண்டாவது, மூன்றாம் அங்கப் பிரார்த்தனை. கம்பி வாத்தியங்கள் ஏறக்குறைய ஒதுங்கிக்கொள்ள, காற்று வாத்தியங்களின் மங்கலான படுகையில் மிக மெதுவாக நகர்வது. பாடகிகள் இதில் இரண்டு விதமாகச் சறுக்குவார்கள். மூச்சுப் போதாமல் வரியை நடுவில் உடைப்பது ஒன்று. பக்தியைக் காட்டுகிறேன் என்று குரலிலிருந்து உயிரை எடுத்துவிடுவது மற்றொன்று. டாவிட்சன் வரிகளை நீளமாகவே விடுகிறார், குரலின் நடுக்கட்டும் காலியாவதில்லை. சலோனனும் இழுத்தடிக்கவில்லை. அவர் இயல்பாகவே தெளிவு விரும்பி; வாக்னர் என்றதும் புகை போடுகிற வழக்கம் இல்லாதவர். பாஸ் கிளாரினெட்டின் அடிக்குரல்கூடத் தனியாகக் காதில் விழுகிறது.

‘எஸ் கிப்ட் ஐன் ரைஷ்’ தட்டின் சிகரம். கைவிடப்பட்ட அரியாட்னே, நாக்சோஸ் தீவில் சாவை எதிர்பார்த்துப் பாடுவது. எல்லாம் தூய்மையாக இருக்கும் ஓர் உலகம் உண்டு என்று அமைதியாகத் தொடங்கி, மரணத்தின் உலகம் என்று அதன் பெயரைச் சொல்லும் இடத்தில் குரல் படிப்படியாக மந்தர ஸ்தாயிக்கு இறங்க வேண்டும். பல சொப்ரானோக்கள் இந்தப் படியில் நெஞ்சுக் குரலுக்கு மாறும்போது ‘டக்’ என்று கியர் விழுவது கேட்கும். இங்கே அந்தத் தையல் தெரியவில்லை. கடைசி ஒன்றரை நிமிடத்தில் சாவு வந்து தன்னை விடுவிக்கப்போகிறது என்று அலையலையாக மேலே ஏறுகையில், குரல் ஏற ஏற இறுகாமல் விரிகிறது. இந்தக் குரலைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவருக்குப் போட்டுக்காட்ட வேண்டியது இதுதான். கிளைண்ட்போர்னிலும் மறு ஆண்டு பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் விழாவிலும் மேடையில் பாடிப் பழகிய பாத்திரம் என்பதால் சொற்களும் இங்கே உயிரோடு வருகின்றன. தட்டில் மற்ற இடங்களில் அப்படிச் சொல்ல முடியாது.

வாக்னரையும் ஸ்ட்ராஸையும் ஒரே தட்டில் போட்டது விற்பனைத் தந்திரம் என்று தள்ளிவிட வேண்டாம். 1894 கோடையில், வாக்னர் ஓபராக்களுக்கென்றே நடக்கும் பைராய்ட் விழாவில் ‘டான்ஹாய்சர்’ நடத்தியவர் ஸ்ட்ராஸ். எலிசபெத்தாகப் பாடியவர் பாலின டெ ஆனா. செப்டம்பர் 10-இல் இருவருக்கும் கல்யாணம். கணவர் கொடுத்த பரிசு ஓபஸ் 27, நான்கு பாடல்கள். ஐம்பத்து நான்கு வருடங்கள் கழித்து, வயதான அந்தத் தம்பதியின் நிழல் விழ எழுதப்பட்டவை ‘நான்கு கடைசிப் பாடல்கள்’. ஆக, தட்டு முழுக்க ஒரே சொப்ரானோவின் வாழ்க்கைதான் பின்னால் ஓடுகிறது. வரிசை அமைத்தவருக்கு ஒரு சபாஷ்.

ஓபஸ் 27-இல் முதலாவது, ‘ரூஹெ, மைனெ ஸேலெ’. 1894-இல் பியானோவோடு எழுதியதை ஸ்ட்ராஸ் 1948-இல்தான் இசைக்குழுவுக்கு மாற்றினார். அதனால் இளமைக்காலப் பாட்டு முதுமையின் இருட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. டாவிட்சனின் குரலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. நடுவில் புயல் எழும் வரிகளில் உண்மையிலேயே உடல் சிலிர்க்கும். ‘செசீலியெ’ ஒரே ஓட்டம். முடிவில் குரல் பீறிட்டு எழும்போது சலோனன் குழுவை அடக்கிவைக்கவில்லை, அடக்க வேண்டிய அவசியமும் இல்லை. ‘ஹைம்லிஷெ அவுஃப்ஃபோர்டெருங்’ மட்டும் ஒட்டவில்லை. விருந்துக் கூட்டத்தின் நடுவே காதலியிடம் கண்ஜாடை காட்டி, தோட்டத்துக்கு வா என்று ரகசியமாக அழைக்கிற பாட்டு அது. இந்தக் குரலில் அந்த ரகசியம் ஊருக்கே கேட்டுவிடுகிறது. இதை இசைக்குழுவுக்கு அமைத்தவர் ஸ்ட்ராஸ் அல்ல, ராபர்ட் ஹேகர். வாத்தியப் பூச்சும் கொஞ்சம் தடிப்பு.

‘மோர்கன்!’ எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. தனி வயலின் மெட்டு முழுவதையும் பாடி முடிக்கும் தறுவாயில், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பேச்சில் சேர்ந்துகொள்வதுபோலக் குரல் நுழையும். டாவிட்சன் இங்கே குரலை நன்றாகவே கட்டுப்படுத்துகிறார். ‘கட்டுப்படுத்துகிறார்’ என்று நமக்குத் தெரிவதுதான் சிக்கல். அணையில் நிற்கும் தண்ணீர் அமைதியாக இருந்தாலும் பின்னால் அழுத்தம் இருப்பது தெரியுமே, அதே நிலை. அடுத்து வரும் தாலாட்டு, ஓபஸ் 41-இல் முதலாவது. அலையாடும் வாத்தியங்களுக்கு மேல் மூச்சு வாங்க இடமே கொடுக்காமல் நீளும் வரிகள். மூச்சில் டாவிட்சனுக்குக் குறையே கிடையாது. குழந்தை தூங்குமா என்பது வேறு கேள்வி.

‘மால்வன்’ என்ற சின்னப் பாட்டைத் தாண்டிப் போய்விட வேண்டாம். ஸ்ட்ராஸ் எழுதி முடித்த கடைசிப் பாட்டு அதுதான், 1948 நவம்பர். சொப்ரானோ மரியா யெரிட்சாவுக்குக் கொடுத்தார். அவர் 1982-இல் சாகும்வரை வெளியே விடவில்லை. மூலத்தில் பியானோ மட்டுமே. தட்டில் இருப்பது இசைக்குழு வடிவம். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். சுமை இல்லாததால் பாடகி இங்கே இயல்பாக இருக்கிறார்.

இனி ‘நான்கு கடைசிப் பாடல்கள்’. ஸ்ட்ராஸ் 1949 செப்டம்பரில் இறந்தபின், 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதன்முதலாகப் பாடியவர் ஃபிளாக்ஸ்டாட்; வாசித்தது இதே பில்ஹார்மோனியா; நடத்தியவர் ஃபுர்ட்வெங்லர். நார்வே சொப்ரானோ, அதே குழு என்ற பொருத்தத்தை யாருக்குத்தான் விட மனசு வரும்? ஆனால் ஃபிளாக்ஸ்டாடுக்கு அப்போது வயது 54. இவருக்கு முப்பத்தொன்று முப்பத்திரண்டு.

வயது மட்டுமே தடை என்று சொல்ல வரவில்லை. முதல் பாடல் ‘ஃப்ரூலிங்’ இருண்ட கீழ்ப்பகுதியில் தொடங்கி ஒரே எட்டில் உயரத்துக்குப் போய் அங்கேயே வளைந்து வளைந்து பறக்கச் சொல்கிறது. எழுத்து லேசான குரலுக்கானது. கனமான குரல்களுக்கு இதில் எப்போதுமே வியர்க்கும், டாவிட்சனுக்கும் வியர்க்கிறது. சுரம் எல்லாம் சரியாக விழுகிறது, சிறகு மட்டும் விரியவில்லை. மேல் ஸ்தாயியில் சொற்கள் கரைந்துபோவதும் இங்கே அதிகம். இதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் உண்டு: ‘ஈ’ ஒலிக்கு வாய்க்குழியின் முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸ் அருகில், ‘ஆ’ ஒலிக்கு 800 அருகில். பாடும் சுரமே 800-ஐத் தாண்டிவிட்டால் எந்த உயிரெழுத்தும் ஏறக்குறைய ‘ஆ’வாகத்தான் கேட்கும். உலகத்தில் யாராலும் அதை மாற்ற முடியாது. ஆகவே அனுபவசாலிகள் மெய்யெழுத்துகளைச் சற்று முன்னதாக, கூர்மையாக வைத்து அர்த்தத்தைக் காப்பாற்றுவார்கள். ஜெர்மன் சொப்ரானோ எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் அதில் ராணி; சில சமயம் அளவுக்கு மீறியும் செய்வார். டாவிட்சன் இந்தத் தட்டில் மெய்யெழுத்துகளை வரியின் வழுவழுப்புக்குப் பலி கொடுத்துவிடுகிறார்.

‘செப்டம்பர்’ அழகு, ஆனால் நிறம் ஒன்றே. கடைசியில் வரும் கொம்பு வாத்தியத் தனி வாசிப்பு, பாடகி சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லிவிடுகிறது. ‘பைம் ஷ்லாஃபன்கேயன்’ நான்கில் சிறந்தது. நடுவே தனி வயலின் எழுந்து போன வழியைப் பிடித்துக்கொண்டு, கட்டறுந்த ஆன்மா பறக்க விரும்புகிறது என்ற வரியில் குரல் வயலினைவிட அகலமாகத் திறந்துகொள்ளும் இடத்தில், இத்தனை பெரிய குரலால் என்ன பயன் என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. ‘இம் ஆபென்ட்ரோட்’டில் சலோனன் இரவைச் செயற்கையாக நீட்டவில்லை. அமெரிக்க சொப்ரானோ ஜெசி நார்மன், நடத்துநர் மாசூரோடு பாடியதில் இந்த ஒரு பாட்டு ஏறக்குறைய 10 நிமிடம் போகும். அதைக் கேட்டு மயங்கியவர்களுக்கு இது வேகமாகத் தோன்றலாம். இதுதானா மரணம் என்ற கடைசிக் கேள்வியில் எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் தயக்கம். பதில் தெரிந்தவரைப்போல அழகாகப் பாடிவிடுகிறார்.

இந்த நான்கு பாடல்களுக்கு முதல் தட்டாக எதை வாங்குவது? லேசான, வெள்ளிக் குரல் வேண்டுமானால் குண்டுலா யானோவிட்ஸ், கரயான் நடத்தியது. சொல்லுக்குச் சொல் அர்த்தம் வேண்டுமானால் ஷ்வார்ட்ஸ்கோஃப், ஸெல் நடத்திய 1965 பதிவு. பெரிய குரலில்தான் வேண்டுமென்றால் நார்மன். மிகையில்லாமல், இழுவையில்லாமல் வேண்டுமானால் லிசா டெல்லா காசாவும் கார்ல் போமும் 1953-இல் செய்தது, மோனோதான், பரவாயில்லை. டாவிட்சன் அதன் பிறகு ஐந்தாவதாக வரட்டும்.

ஒலிப்பதிவைப் பற்றி. பெரிய குரலை மைக்கில் பிடிப்பது பொறியாளர்களுக்குத் தலைவலி. பக்கத்தில் வைத்தால் உச்சச் சுரம் கூசும். தள்ளி வைத்தால் மெல்லிய வரிகள் வாத்தியத்தோடு போய்விடும். இங்கே நடுவழி எடுத்திருக்கிறார்கள்; குரல் முன்னால் தெளிவாக நிற்கிறது, குழு விரிந்து பின்னால் இருக்கிறது. விளைவு: முணுமுணுப்பும் முழக்கமும் ஒரே தூரத்திலிருந்து வருவதுபோல ஒரு சமநிலை. நேரில் இந்தக் குரல் கொடுக்கும் அதிர்ச்சியே, அது திடீரென்று அரங்கத்தை நிரப்புவதில்தான் இருக்கிறது. தட்டில் அது முக்கால்வாசி மட்டும் கிடைக்கிறது.

வீட்டில் கேட்கிறவர்கள் செய்யக்கூடியது சில உண்டு. ஒலியளவை முதல் பாடலின் கடைசி அரை நிமிடத்தை வைத்து முடிவு செய்துவிட்டு, பிறகு குமிழைத் தொடாதீர்கள். ‘ரூஹெ, மைனெ ஸேலெ’யின் மெல்லிய தொடக்கத்துக்கு ஏற்றிவைத்தால் நடுப்புயலில் காது கிழியும். ஸ்பாட்டிஃபையில் ஒலிச் சமன் அமைப்பை ‘லவுட்’ என்பதில் விடக்கூடாது. உச்சங்களை நறுக்கும் லிமிட்டர் அதில் வேலை செய்கிறது. ஷஃபிள் போட்டுக் கேட்பதும் தவறு. ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் பாடல்களுக்கு இடையிலான உரப்பு வித்தியாசம் காக்கப்படும். கலைத்துப் போட்டால் ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாகச் சமன் செய்யப்பட்டு, ‘மோர்கன்!’ எலிசபெத்துக்குச் சமமாகச் சத்தம் போடும். பாஸ் பூஸ்ட், போலி சரவுண்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். மலிவு இயர்போன்களில் பல, 3000-இலிருந்து 6000 ஹெர்ட்ஸுக்குள் ஒரு மேட்டை வைத்துச் செய்யப்படுகின்றன. சொப்ரானோவின் கூர்மையும் அங்கேதான் என்பதால் உச்சச் சுரங்கள் தகரம்போல் ஒலிக்கும். பாடகி மீது பழி போடுமுன் ஒருமுறை ஸ்பீக்கரில் கேட்டுப் பார்க்க வேண்டும். வரிகள் தெரியாமல் இந்தத் தட்டைக் கேட்பது பாதி நஷ்டம். பாடல்கள் பலவற்றின் மூலமும் மொழிபெயர்ப்பும் லீடர்நெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குறைந்தபட்சம் அரியாட்னே, ‘ரூஹெ’, கடைசி நான்கு ஆகியவற்றின் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு வந்த அதே 2019 ஜூலையில் டாவிட்சன் பைராய்ட்டில் எலிசபெத்தாக அறிமுகமானார். டோபியாஸ் க்ராட்சர் இயக்கிய அந்த ‘டான்ஹாய்சர்’ டாய்ச்ச கிராமஃபோன் டிவிடியாக வந்திருக்கிறது. வீனஸின் கும்பல் பழைய சிட்ரோயன் வேனில் ஊர் சுற்றும் தயாரிப்பு. மரபு விரும்பிகளுக்குச் செரிக்காது. ஆனால் தட்டில் காணாமல்போன அபாய வாசனை அங்கே முழுசாக இருக்கிறது. மண்டப வணக்கத்துக்கும் இறுதிப் பிரார்த்தனைக்கும் நடுவே அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தபின் பிரார்த்தனை வேறு மாதிரிக் கேட்கும். நவம்பர் 29-இல் மெட்ரோபாலிட்டன் அறிமுகம், சைக்கோவ்ஸ்கியின் ‘இஸ்பேடு ராணி’யில் லிசாவாக.

அடுத்த தட்டு 2021-இல் வந்தது: பேட்ஹோவன், வாக்னர், வெர்டி, லண்டன் பில்ஹார்மோனிக், மார்க் எல்டர். ‘ஃபிடேலியோ’வின் பெரிய ஆரியா அதில் இருக்கிறது, இத்தாலியப் பகுதிகள் இன்னும் வெந்துகொண்டிருக்கின்றன. சொற்கள் கரைவதைப் பற்றி மேலே சொன்ன புகாருக்குப் பதில் வேண்டுபவர்கள் அதையும் தாண்டி, 2022-இன் கிரீக் தட்டுக்குப் போகலாம். லைஃப் ஓவெ ஆன்ட்ஸ்னஸின் பியானோ மட்டும். ‘ஹவுக்டுஸா’ பாடல் வரிசை முழுமையாக. தாய்மொழியும், மோத வேண்டிய குழு இல்லாத நிம்மதியும் சேர்ந்து, மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் விழுகின்றன.